ஆணை கோவையில், ஆள் எங்கேயோ

மதிப்பிற்குரிய சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி அவர்களுக்கு:

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் வேலைக்குப் போகிறவர் இந்த மாதம் சத்தீஸ்கரில் இருப்பார், அடுத்த மாதம் ராஜஸ்தானில். அப்படிப் போனவர் வீட்டை மறந்து, சிம் கார்டையும் மாற்றிவிட்டால், கோவையில் மில் வேலை பார்த்துக்கொண்டு பிள்ளையை அம்மிச்சியிடம் விட்டிருக்கும் பெண் ஜீவனாம்சத்துக்கு எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போவது?

மனுப் போடும் வரை சிக்கலே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 145ஆவது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 126ஆவது பிரிவைப் போலவே, கணவர் இருக்கும் மாவட்டம், அவரோ மனைவியோ குடியிருக்கும் மாவட்டம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மாவட்டம் என எங்கு வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் குடும்பச் சட்டம் வேறு. எந்த மாநிலத்துக்கு அதிகாரம் என்பதைத் தீர்க்கவே அங்கு தனிச் சட்டம் தேவைப்பட்டது. இங்கே கணவர் பாலக்காட்டுக்காரர் என்பதற்காகக் கோவைப் பெண் வாளையாரைத் தாண்ட வேண்டியதில்லை.

ஆணை கைக்கு வந்த பிறகுதான் தொல்லை.

ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் மனுத் தாக்கலான நாளிலிருந்தே தொகை தர வேண்டும், இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கூலியை ரொக்கமாக வாங்குகிறவர் எதை எழுதுவார்? பாக்கி வைத்தால் வாரண்ட், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை என்கிறது சட்டம். அதற்குப் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுக் கொடுத்தாக வேண்டும். வாரண்டோ வெளிமாநிலக் காவல் நிலையத்துக்குப் போய், ‘ஆள் இல்லை’ என்ற குறிப்போடு திரும்புகிறது.

ஆள் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டே ஆணையை நிறைவேற்றலாம் என்கிறது 147ஆவது பிரிவு. அதற்கான நகலும் இலவசம். அந்த நகலை ராய்ப்பூருக்குக் கொண்டுபோக ரயில் டிக்கெட்டுக்கு அந்தப் பெண் யாரிடம் கடன் கேட்பார்?

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், தங்கள் சுற்றறிக்கை ஒன்று போதும். நீதிமன்ற நடவடிக்கைகளை மின்னணு முறையில் நடத்த 530ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உரிமை. இரண்டையும் சேர்த்தால் வழி பிறக்கும். கொங்கு மாவட்டக் குடும்பநல நீதிமன்றங்கள் வாரண்டையும் ஆணை நகலையும் கணவர் இருக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கு நேரடியாக மின்னணு வழியில் அனுப்பட்டும். அங்குள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் அப்பெண்ணுக்காக ஆஜராகட்டும். வேலை கொடுத்த ரிக் உரிமையாளரின் பெயர், முகவரியைப் பிரமாணப் பத்திரத்திலேயே கேட்டு வாங்கட்டும். வாரண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பது மனுதாரரின் கைப்பேசிக்கு மாதம் ஒருமுறை வரட்டும்.

பிள்ளைகளின் பள்ளிச் செலவு காத்திருக்காது என்பதால், வரும் கல்வியாண்டுக்கு முன் இந்தச் சுற்றறிக்கையைப் பிறப்பிக்க வேண்டுகிறோம்.