முப்பது வயதில் முதலாண்டு மாணவி

சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டில் பெண்களைத் தன் வகுப்பறைக்குள் அனுமதித்தது. அவ்வாண்டு சேர்ந்த பெண்கள் நால்வர். அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப்புக்கு அப்போது வயது முப்பது. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. மூன்று குழந்தைகளுக்குத் தாயாகவும் இருந்தார். வழக்கறிஞரான கணவருடன் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்து குடியேறியவர் அவர். ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள இயலாத காரணத்தால், கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் பேறுகாலத்தில் உதவியின்றி மடிவதை இந்நகரில்தான் அவர் அறிந்தார். முதலில் மகப்பேறு மருத்துவமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். அது போதாது என்று தோன்றிய பிறகே கல்லூரிப் படியேறினார்.

காலங்கடந்து மருத்துவம் படிக்க விரும்புவோரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஷார்லீப்பின் வாழ்க்கையை நினைவுகூர்வது பயன் தரும். பதினேழு வயதில் மருத்துவராக விரும்பும் ஒருவருக்கு அவ்விருப்பம் பெற்றோரிடமிருந்தோ மதிப்பெண் பட்டியலிலிருந்தோ வந்திருக்கலாம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஷார்லீப்புக்கோ அந்த நோக்கத்தைத் தந்ததே மணவாழ்வுதான். அவ்வாழ்வு அவரைச் சென்னைக்குக் கொண்டுவராதிருந்தால் அவர் மருத்துவராகியிருக்கமாட்டார். பிள்ளை பெற்றவர், நோயுற்ற முதியவரைப் பேணியவர், நள்ளிரவில் காய்ச்சலில் துடிக்கும் குழந்தையைத் தோளில் சுமந்து நடந்தவர் ஆகியோர் வகுப்பறைக்குக் கொண்டுவரும் அறிவும் அறிவே. அதைத் தாமதம் என்று மட்டும் கணக்கிடுவது பொருந்தாது.

இந்தியாவில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதுவதற்கான மேல் வயது வரம்பு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதை எதிர்ப்போர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்புகின்றனர். மருத்துவ இடங்கள் குறைவு. ஒவ்வோர் இடத்திற்கும் மக்களின் வரிப்பணம் செலவாகிறது. நாற்பது வயதில் சேருபவர் எத்தனை ஆண்டுகள் பணியாற்றிவிடப் போகிறார்? இதைப் புறந்தள்ளிவிட முடியாது. இளநிலை மருத்துவப் படிப்பு நான்கரை ஆண்டுகள். கட்டாயப் பயிற்சி ஓராண்டு. மேற்படிப்பைத் தொடர்ந்தால் இன்னும் மூன்றாண்டுகள் கூடும். ஐம்பதை நெருங்குவோரைப் பொறுத்தவரை இந்தக் கணக்கிற்கு ஓரளவு வலு உண்டு. ஆனால் முப்பதில் சேருபவர் முப்பத்தாறு வயதிற்குள் மருத்துவராகிவிடுகிறார். அதன்பின் கால் நூற்றாண்டு உழைக்க முடியும். மேலும், அவர் அந்த இடத்தைச் சலுகையாகப் பெறவில்லை. இளையவர்கள் எழுதிய அதே தேர்வை எழுதியே பெறுகிறார்.

ஷார்லீப் செய்த பணி இந்தக் கேள்விக்கு ஒரு விடையாக அமையும். 1878இல் சென்னையில் தேர்ச்சி பெற்றபின் அவர் இலண்டனுக்குச் சென்று மீண்டும் மாணவியானார். 1882இல் அங்குப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சென்னைக்குத் திரும்பினார். 1885இல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை உருவாக முதற்காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயரில் தாய்மார்களுக்குப் பணிபுரிவது அதுவே.

எனினும், அவருடைய வெற்றியை மன உறுதியின் வெற்றியாக மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மை மறைந்துவிடும். அக்காலச் சென்னையில் ஆங்கிலேய வழக்கறிஞர்களின் இல்லங்களில் சமையலுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் பணியாளர் இருப்பது வழக்கம். இந்த வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பதை அதே நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் படித்த ஹைமவதி சென்னின் வாழ்வு காட்டுகிறது. குழந்தைப் பருவத்திலேயே மணமுடிக்கப்பட்டுக் கைம்பெண்ணானவர் அவர். பின்னர் மறுமணம் செய்துகொண்டு, கேம்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டு வேலைகளைச் சுமந்துகொண்டே பாடங்களையும் கற்றார். தேர்வில் முதலிடம் அவருக்கே கிடைத்தது. ஆனால் பொற்பதக்கம் ஒரு பெண்ணுக்குச் செல்வதை ஆண் மாணவர்கள் எதிர்த்தனர். இறுதியில் அவர் வெள்ளிப் பதக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

ஹைமவதியைப் போன்ற ஒருவர் இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால் பதக்கத்தை எவரும் பறிக்கமாட்டார்கள். அடுப்படியிலும் வகுப்பறையிலுமாக அவர் நடத்தவேண்டிய நாள் மட்டும் பெரிதும் மாறிவிடவில்லை. கோட்பாட்டு வகுப்புகளில் 75 விழுக்காடு, செய்முறை வகுப்புகளில் 80 விழுக்காடு வருகை கட்டாயம். மருத்துவப் பயிற்சியில் இந்த விதியைத் தளர்த்தக்கூடாது என்பதும் சரியே. நோயாளியைப் பார்க்காமல் மருத்துவம் கற்க இயலாது. ஆனால் விதி கல்லூரியின் வாயிலோடு நின்றுவிடுகிறது. காலை எட்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டிய தாய், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத்தான் வர வேண்டும். பயிற்சி மருத்துவராகும் ஆண்டில் இரவுப்பணியும் சேர்ந்துகொள்ளும். இதே படிப்பில் சேரும் நாற்பது வயதுத் தந்தையிடம், ‘பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்?’ என்று உறவினர் கேட்பது அரிது. தாயிடம் அதுவே முதற் கேள்வி.

குடும்பம் ஆதரவளித்தது என்று இத்தகையோரைப் பாராட்டும் கட்டுரைகள் சொல்லும். அந்த ஆதரவு எது என்று அவை பெரும்பாலும் விளக்குவதில்லை. மாலைதோறும் யார் சோறு வடித்தார், பெற்றோர் கூட்டத்திற்கு யார் சென்றார், அம்மை கண்ட பிள்ளையின் அருகில் யார் விழித்திருந்தார் என்பவையே அதன் உள்ளடக்கம். கணவரோ மூத்த பிள்ளைகளோ இவற்றில் பாதியை ஏற்றுக்கொள்ளாத வீட்டில், வாழ்த்துகள் எவ்வளவு குவிந்தாலும் அந்தப் பெண் இரவு பதினொரு மணிக்குத்தான் உடற்கூறியல் நூலைத் திறப்பார்.

கல்லூரிகள் செய்யக்கூடியவையும் உண்டு. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன்கள் திருத்தச் சட்டம் வலியுறுத்தியது. அச்சட்டம் பணியாளரைக் குறித்தது. மாணவியர் பணியாளர் அல்லர். மருத்துவமனை வளாகத்தில் செவிலியர்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் நடைபெறுமாயின், அங்கேயே படிக்கும் தாயின் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அது இரவிலும் இயங்குமாயின், பயிற்சி மருத்துவர் ஒருவர் மகப்பேற்றுப் பிரிவில் பிறரின் குழந்தையைக் கையில் ஏந்தும் நேரத்தில், அவருடைய குழந்தை இரண்டு கட்டடங்களுக்கு அப்பால் உறங்கிக்கொண்டிருக்கும்.