ஐப்பசி மழையும் முற்றத்து மரமும்



ஐப்பசி பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையத்து வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "ஏனுங்க, இந்த வேப்பமரத்தை இப்படியே உட்டு வைக்கலாமுங்களா? ராத்திரி காத்தடிச்சா ஓட்டு மேலயே சாஞ்சுருமே" என்று இல்லத்தரசி அஞ்சுவார். "எங்க அப்பாரு வெச்ச மரமாச்சே" என்று குடும்பத் தலைவர் தயங்குவார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆயினும் அச்சத்தினால் மட்டும் ஒரு மரத்தை வெட்டுவதும் முறையன்று. பாசத்தினால் மட்டும் அதை விட்டுவைப்பதும் முறையன்று. மரத்தைப் பார்த்தறிந்தே முடிவு செய்தல் வேண்டும். எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதையே இம்மாதம் நாம் சிந்திக்கவிருக்கிறோம்.

முதலில் நம் ஊரின் மழையை அறிந்துகொள்வோம். ஆடி மாதத்துத் தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குச் சரிவுகளில் கொட்டிப் பவானியில் வெள்ளமாக இறங்கி வருகிறது. மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு அந்நாட்களில் காற்றும் சாரலுமே மிகுதி. நம் நிலத்தை ஆழ நனைப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. பல நாள் மழையில் ஊறிய மண், வேர்களை இறுகப் பற்றும் வலிமையை இழக்கிறது. அவ்வேளையில் காற்றும் சேர்ந்துகொண்டால், நேற்று வரை அசையாது நின்ற மரமும் வேரோடு சாயக்கூடும். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் வீழ்ந்ததை நாம் மறக்கவில்லை.

மரத்தின் ஆணிவேர் அதன் உயரத்திற்குச் சமமாகப் பூமிக்குள் இறங்கியிருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. முதிர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்றடி ஆழத்திற்குள்ளேயே பரவியிருக்கிறது. கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிச் செல்கிறது. மரத்தை நிறுத்தி வைப்பதும் ஊட்டி வளர்ப்பதும் இந்த அகன்ற வேர்ப்பரப்பே. ஆகவே, சுற்றுச்சுவருக்குக் கடைக்கால் எடுக்கும்போதும், கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போதும், அடிமரத்தை ஒட்டித் தடித்த வேர்களை வெட்டிவிட்டால், அப்பக்கத்துப் பிடிமானம் போயிற்று என்றே பொருள். அதன் விளைவு அன்றே தெரிவதில்லை. வெட்டுண்ட வேர் மெல்ல அழுகி, சில ஆண்டுகள் கழித்து ஒரு மழையிரவில் வெளிப்படுகிறது. அப்போது நாம் பழியைக் காற்றின் மீது சுமத்துகிறோம்.

முற்றத்தில் தூசி படியக்கூடாது என்று அடிமரம் வரை சிமெண்ட் பூசுவதும் இத்தகைய தீங்கே. வேருக்கு நீர் மட்டுமன்று, காற்றும் தேவை. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவிற்குக் கான்கிரீட்டை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டு ஆணையிட்டது இதனாலேயே. நம் வீட்டு மரத்திற்கும் குறைந்தது அந்த அளவு மண் திறந்திருக்கட்டும். வீட்டு மனையை மேடாக்க வேண்டி அடிமரத்தைச் சுற்றி மண் குவிப்பதும் ஆகாது. பட்டை ஈரத்தில் ஊறி அழுகிவிடும். சருகையும் இலை தழையையும் மூடாக்காகப் பரப்புவது நல்லதே. ஆனால் அது அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியிருத்தல் வேண்டும்.

மரத்தடியில் நீர் தேங்காமல் வடிய வழி செய்வது அனைத்திலும் முதன்மையானது. நீர் சுவரோரம் தேங்குமாயின் ஆபத்து மரத்தோடு நிற்பதில்லை. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன்னே, நம் மேட்டுப்பாளையத்து நடூரில், கனமழையில் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று வீடுகளின் மீது சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்த துயரத்தை இவ்வூரார் எவரும் மறக்கவியலாது. சுவரிலே நீர் வடியும் துளைகள் உண்டா, மரத்தின் வேர் சுவரைத் தள்ளி வெடிப்பு உண்டாக்கியிருக்கிறதா, சுவர் வெளிப்புறமாகச் சாய்கிறதா என்று மழைக்கு முன்பே பார்ப்பது, நம்மைவிட, சுவருக்கு அப்பால் வாழும் அயலாருக்கு நாம் செய்யவேண்டிய கடமையாகும்.

இனிக் கவாத்தைப் பற்றி. காற்றுக்கு அஞ்சி மரத்தின் தலையை மொட்டையடிப்பது நம் ஊர்களில் பரவலான வழக்கம். இது பயன் தராததோடு தீமையும் விளைவிக்கும். மொட்டையான இடத்தில் ஈரம் புகுந்து மரம் சொத்தையாகிறது; பக்கங்களில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் உறுதியான பிணைப்பின்றி வளர்ந்து, சில ஆண்டுகளில் முன்னிலும் எளிதாக முறிகின்றன. அமெரிக்க வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர், ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து ஆராய்ந்து, 1970களில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். மனிதரின் புண் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. மரம் காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அழுகலை உள்ளே அடைத்துவிடுகிறது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதியில்தான் அத்தடுப்பு வலுவாக எழுகிறது. ஆகவே அந்த மோதிரத்தை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டவேண்டும். அடிமரத்தோடு ஒட்ட வழித்தெடுப்பதும் தவறு. நீண்ட முளையாக விடுவதும் தவறு. தாரும் வண்ணமும் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவர்தம் ஆய்வின் முடிவே.

கனத்த கிளையாயின், ஒரே வெட்டில் இறக்காதீர்கள். முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, கடைசியில் எஞ்சிய முளையை மோதிரத்தின் ஓரமாக அறுத்தால், பட்டை உரிந்து கிழியாது. பட்டுப்போன கிளை, ஒன்றையொன்று உராயும் கிளை, கூரைமேல் கவிந்த கிளை ஆகியவற்றை ஆவணிக்குள் எடுத்துவிடுவது உத்தமம். மாமரத்திற்கு அறுவடை முடிந்த பின்னர் கவாத்துச் செய்யலாம்.

அபாயத்தைக் காட்டும் அறிகுறிகள் சில உண்டு. அடிமரத்தில் அல்லது வேர்மேல் காளான் முளைத்தல். நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்தல். சாய்விற்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து எழும்புதல். இரு பெருங்கிளைகள் பிரியுமிடத்தில் பிளவு காணுதல். இவற்றுள் எதைக் கண்டாலும் நாள் கடத்தலாகாது. மாறாக, இளமை முதலே சாய்ந்து வளர்ந்த மரமும், உள்ளே பொந்து விழுந்தும் சுற்றிலும் தடித்த நல்ல மரம் எஞ்சிய மரமும் உடனே விழுந்துவிடும் என்பதில்லை. கிளை நைந்து முறியும் முருங்கையும், ஆழமற்ற வேருடைய குல்மொகரும் வீட்டை ஒட்டி நிற்குமாயின் கூடுதல் கவனம் தேவை. புளியும் வேம்பும் பொதுவாக உறுதி மிக்கவை.

வேம்பைக் குறித்து ஒரு சொல். மழைக்காலத்தில் நுனிக்கிளைகள் தீய்ந்தாற்போல் பழுப்பேறுவதைக் கண்டு, மரம் பட்டுவிட்டது என்று வெட்டியவர்கள் பலர். இது பூஞ்சணத்தால் வரும் நுனிக்கருகல் நோய். பெரும்பாலான முதிர்ந்த மரங்கள் மீண்டும் துளிர்த்துவிடுகின்றன. எட்டுகிற கருகிய கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, அடுத்த துளிர்க்காலம் வரை காத்திருங்கள்.

தென்னைக்கு மழைக்காலத்துப் பகை குருத்தழுகல். நடுக்குருத்து மஞ்சளித்து, இழுத்தால் துர்நாற்றத்தோடு கையோடு வருமாயின், அழுகிய பகுதியைச் சீவியெடுத்துப் போர்டோ பசை தடவி, மழைநீர் புகாதபடி மூடிவைக்க வேண்டும். அருகிலுள்ள மரங்களுக்கு ஒரு சதவீதப் போர்டோ கலவை தெளிக்கலாம். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுண்ணாம்பை வேறு 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவேண்டும்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிட மரத்தில் ஆணி அடிப்பதையும், கம்பியைச் சுற்றி இறுக்கி அப்படியே மறந்துவிடுவதையும் தவிர்ப்போம். பருத்து வரும் கிளையில் அக்கம்பி புதைந்து, கழுத்தை நெரிக்கும் கயிறாகிவிடும்.

ஐயம் தீராதவர்கள், நம் ஊரிலேயே இயங்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரியை நாடலாம். மின்கம்பியருகே கிளை வெட்ட வேண்டுமாயின், மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அரிவாள் எடுக்கவேண்டும். மழையில் வழுக்கும் மரத்தில் கயிறின்றி ஒருவரை ஏறச் சொல்லாதீர்கள். நாம் கொடுக்கும் கூலி அவர் உயிருக்கு ஈடாகாது.

இத்தனையும் பார்த்த பின்னும், மரம் உறங்கும் அறையின் மீது சாயும் என்று தெளிவானால், தயங்காமல் அகற்றுங்கள்; அப்பாரு வைத்த மரத்தைவிட அவருடைய பேரப்பிள்ளைகள் மேலானவர்கள். அகற்றிய ஆண்டிலேயே, வீட்டிலிருந்து போதிய தொலைவில் வேறொரு கன்றை நட்டுவிடுங்கள். ஆனால் அதற்கு முன், கனியாத அத்திமரத்தை வெட்டச் சொன்ன தலைவரிடம், சுற்றிலும் கொத்தி எருவிட்டுப் பார்க்க இன்னும் ஓராண்டு தவணை கேட்ட நற்செய்தித் தோட்டக்காரரை நினைவில் கொள்ளுங்கள். அவர் வெறும் இரக்கத்தை மட்டும் காட்டவில்லை. செய்யவேண்டிய வேலையையும் சொன்னார். சிமெண்டைப் பெயர்ப்பதும், வாய்க்கால் வெட்டி நீரை வடியவிடுவதும், பட்ட கிளையை முறையாக அகற்றுவதும் நம் முற்றத்து மரத்திற்காக நாம் செய்யவேண்டிய வேலை. மழை பெருகுமுன் அதை முடித்துவிடுவோம்.