மூலிகைத் தேநீரும் ஒரு கரைசல்தான்

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தாமான் வீடாக இருந்தால் வேலியில் சங்குப்பூ படர்ந்திருக்கும். மூலையில் ஒரு செரைக் குத்து, சட்டியில் துளசி, கற்பூரவல்லி, பக்கத்திலேயே பூசைக்கென்று வைத்த அரளி. இவற்றில் பலவற்றைத் தேநீராகப் போட்டுக் குடிக்கலாம். தாராளமாகக் குடியுங்கள் என்பதே என் கட்சி. ஆனால், புலனத்தில் வரும் தேநீர்க் குறிப்புகளின் கடைசியில் தவறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வரி உண்டு: "இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது." அறிவியல் படிக்கும் நீங்கள் அதை மட்டும் நம்பக்கூடாது.

தேநீர் போடும்போது என்ன நடக்கிறது? வெந்நீர் ஒரு கரைப்பான். இலையில் நீரில் கரையக்கூடியவை எவையோ அவையெல்லாம் குவளைக்குள் இறங்குகின்றன. நல்லது மட்டும் வா, கெட்டது அங்கேயே நில் என்று தண்ணீரிடம் சொல்ல முடியாது. ஒரு செடி உடம்பில் வேலை செய்கிறது என்றால், அதற்குள் வேலை செய்யும் வேதிப்பொருள் இருக்கிறது என்று பொருள். அந்தப் பொருள், அளவு கூடினாலும் குடிக்கும் ஆள் மாறினாலும், தீங்கும் செய்யலாம். நோயைத் தீர்க்கும், ஆனால் யாரையும் பாதிக்காது என்று ஒரே மூச்சில் சொல்வது விளம்பரம்.

"கொதிக்க வைத்தால் கெட்டதெல்லாம் போய்விடுமே" என்பீர்கள். 1960களில் லோரென்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர் ஆப்பிரிக்காவின் காங்கோவில் பணியாற்றினார். அங்கே பிரசவம் விரைவாக நடக்கப் பெண்கள் ஒரு செடியைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். செடியின் பெயர் கலாட்டா-கலாட்டா. (நம் காதுக்குப் பொருத்தமான பெயர்தான்!) கருப்பையைச் சுருங்கச் செய்யும் பொருளை அவர் தேடினார்; கிடைத்தது ஒரு சிறு புரதம். முட்டையை வேகவைத்தால் அதன் புரதம் உருமாறிக் கட்டியாகிவிடுகிறது. இதுவோ கொதித்த பிறகும் வேலை செய்தது. காரணம் 1995இல்தான் தெளிவானது. இந்தப் புரதத்தின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து வளையமாகியிருக்கின்றன. உள்ளே மூன்று கந்தகப் பிணைப்புகள் முடிச்சுப் போட்டதுபோல் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. வெப்பத்தால் எளிதில் குலைக்க முடியாத அமைப்பு அது.

காங்கோ நமக்குத் தூரம் என்று நினைக்காதீர்கள். 2011இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இதே வகை வளையப் புரதங்களைச் சங்குப்பூச் செடியில் கண்டார்கள். பூச்சிகளிடமிருந்து தப்பச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. இதனால் நாசி கெராபுவைக் கண்டு ஓட வேண்டியதில்லை. சில பூக்களின் நிறம் சேர்ந்த சோற்றைக் கிளந்தானில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால், பூவுக்குப் பதிலாக விதையையும் வேரையும் போட்டு ஒரு குடம் காய்ச்சினால் அது வேறு கதை. அரளியோ இன்னும் மோசம். இதயத்துடிப்பைக் குலைக்கும் அதன் நஞ்சு, இலையைக் காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது விஷச் செடியைவிட நல்ல செடிதான். பூனைமீசையை எடுத்துக்கொள்ளுங்கள். மிசாய் கூச்சிங் என்று பொட்டலமாகவே விற்கிறார்கள். 'சிறுநீரகத்துக்கு நல்லது' என்பது ஊரறிந்த பேச்சு. அதன் இலையில் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. இரத்தத்தில் தேங்கும் பொட்டாசியம் இதயத்தின் துடிப்பையே தடுமாற வைக்கும். ஆக, யாருக்கு நல்லது என்று கொண்டுபோய்க் கொடுக்கிறோமோ அவருக்கே ஆபத்து. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. நீரிழிவு நாளடைவில் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். உங்கள் தாத்தா பாட்டி அந்தக் கணக்கில் இருக்கலாம். அவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேநீரைப் பிடித்துக்கொண்டால், வீட்டில் தட்டிக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

சரி, பயமுறுத்தியது போதும். செரையிலிருந்து தொடங்குங்கள். ஒரு தண்டின் அடிப்பகுதியை நசுக்கிக் குவளையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடி வையுங்கள். மூடுவதுதான் முக்கியம். அதன் மணம் சித்ரால் என்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப்பொருள். திறந்த சட்டியில் கொதிக்க விட்டால் சமையலறை கமகமக்கும். குவளையில் வெறும் வெந்நீர்தான் மிஞ்சும். பத்து நிமிடம் கழித்துத் திறங்கள்.

சங்குப்பூ என்றால் ஒரு குவளைக்கு நாலைந்து பூக்கள் போதும். நீலச் சாற்றில் கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்தால் ஊதாவாக மாறும். பூவிலுள்ள ஆந்தோசயனின் அமிலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பள்ளி ஆய்வகத்தின் லிட்மஸ் தாள் செய்யும் அதே வேலை. இன்னொரு குவளையில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பாருங்கள், பச்சையை நோக்கிப் போகும். அதைக் குடிக்க வேண்டாம், நிறத்தைக் குறித்துக்கொண்டு கொட்டிவிடுங்கள்.