பொருளுரைக்குப் பொருள் வேண்டும்

நம் மாணவர் எழுதும் கட்டுரைகளில் முன்னுரை மிடுக்காக அமைகிறது. முடிவுரை முழக்கமாக அமைகிறது. இடைப்பட்ட பொருளுரையோ பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாய் நின்றுவிடுகிறது. 'இசுலாமியரின் தமிழ்த்தொண்டு' என்று தலைப்புத் தந்தால் புலவர் பெயர்களும் நூற்பெயர்களும் அணிவகுக்கின்றன. மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என இலக்கிய வகைகள் தொடர்கின்றன. யாவும் உண்மையே. ஆயினும் பட்டியல் வாதமாகாது. "இவை தமிழ் மரபோடு ஒட்டியவைதாமா?" என்று ஐயுறுவோன் ஒருவன் வினவினால், அப்பட்டியலில் அவனுக்கு விடை இராது. நம் இலக்கியத்தை மேடையில் போற்றும் அளவிற்கு ஏட்டில் நிறுவுகின்றோமா என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

ஒரு கருத்தை நிறுவும் முறையை மணிமேகலைக் காப்பியம் அறவண அடிகள் வாய்மொழியாக விரித்துரைக்கிறது. பக்கம், ஏது, எடுத்துக்காட்டு, உபநயம், நிகமனம் என்பன அதன் ஐந்து உறுப்புக்கள். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை தோன்றுதலின் என்பது ஏது. அடுக்களை போல என்பது எடுத்துக்காட்டு. இம்மலையும் அவ்வாறே புகையுடைத்து என்று பொருத்திக் காட்டுவது உபநயம். ஆதலின் நெருப்புடைத்து எனத் துணிவது நிகமனம். நம் மாணவர் பக்கத்தைச் சொல்கின்றனர், எடுத்துக்காட்டையும் தருகின்றனர். விடுபடுவது உபநயமே.

சீறாப்புராணத்தையே கொள்வோம். அது தமிழ்க் காப்பிய மரபில் நின்று பாடப்பெற்றது என்பது நாம் நிறுவ வேண்டிய கருத்து. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் 3 காண்டங்களும் 5027 விருத்தங்களும் உடையது என்று எழுதி அமைகின்றனர் பலர். எண்ணிக்கை எதனையும் நிறுவாது. உமறுப்புலவரின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் உழவு நடக்கிறது. கம்பர் கோசலத்தைப் பாடிய ஆற்றுப் படலத்தையும் நாட்டுப் படலத்தையும் இதனருகே வைத்து, இரண்டிலும் நீர்வளத்திலிருந்தே நாட்டுச் சிறப்புத் தொடங்குவதைச் சுட்டினால் அன்றோ கருத்து வேரூன்றும்!

"அரபு நாடு பாலையாயிற்றே, அங்கு வயல் ஏது?" என்று தடை எழும். இத்தடையை மறைத்துவிட்டு எழுதுவதே பாதுகாப்பு எனக் கருதும் மாணவர் உளர். (பக்கங்களை எண்ணி மதிப்பெண் வழங்கும் ஆசிரியரும் இதற்குப் பொறுப்பாளரே.) நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுரைத்துப் பின்னர்க் களைவதும் ஒன்று. அவ்வழியே தடையைப் பத்தியினுள் அழைத்து வருக. நில இயல்பை உரைப்பதே புலவர் நோக்கமாயின் மணலையே பாடியிருப்பார். பாட்டுடைத் தலைவராம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நாட்டை அவர் மருதமாக்கிப் பாடியது காப்பிய மரபை உளங்கொண்டே ஆகும். தடையாக வந்ததே சான்றாகிவிடுகிறது!

இவ்வளவில் அப்பத்தியை நிறுத்திவிடுதல் நன்று. 'தீன்' முதலிய அரபுச் சொற்கள் அக்காப்பியத்தில் தமிழ் விருத்தத்தின் ஓசைக்குள் எவ்வாறு இயைந்தன என்பது அடுத்த பத்திக்குரிய செய்தி.