குணமான பின்னும் ஒரு கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், இருபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னுள்ள ஊர் அடிவாரம். சில மாதங்களுக்கு முன், அங்கே பேருந்துக்குக் காத்திருந்தபோது, நம்மிடம் படித்த மாணவர் ஒருவரின் தந்தையைக் கண்டோம். சேர்வராயன் மலையூர்க்காரர், கூலி வேலை. அவருடைய இளைய மகளுக்கு ரத்தப் புற்றுநோய் கண்டு, சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது.

"பாப்பாவுக்குச் சரியாப் போச்சுங்க ஐயா. இன்னமும் ரத்தம் பாக்க வரச் சொல்றாங்க. ஒரு நாள் கூலி போவுது. இனிமே எதுக்குங்க?" என்றார்.

நாம் மறுமொழி கூறாது நின்றோம். விடை தெரியாமலன்று, சொல்லத் துணிவின்றியே. அந்த மௌனம் தவறு என்பதை உரைக்கவே இக்கட்டுரை.

புற்றணுக்களை அழிக்கும் மருந்துகள் பல, அணுவின் உள்ளிருக்கும் மரபிழையைத் தாக்கியே அழிக்கின்றன. முறுக்கேறிய மரபிழையை வெட்டி, முறுக்கு நீக்கி, மீண்டும் ஒட்டும் நொதி ஒன்று நம் உடலில் உண்டு. எட்டோபோசைடு, டெனிபோசைடு என்னும் மருந்துகள் வெட்டிய இழையை ஒட்டவிடாமல் அந்நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன. அணு மடிகிறது. ஆனால் மடியாது தப்பும் நல்ல அணு ஒன்றில், அறுந்த முனைகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதுண்டு. பெரும்பாலும் 11ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் முறிந்து, வேறொரு குரோமோசோமோடு இணைகிறது. அதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் புதியதொரு ரத்தப் புற்றுநோய் முளைக்கக்கூடும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளின் வழி வேறு. அங்கே 5ஆம், 7ஆம் குரோமோசோம்கள் முழுதாகவோ பகுதியாகவோ தொலைகின்றன. நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதற்கு முன்பே ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறையத் தொடங்குவதுண்டு. ரத்தம் பார்க்க அழைப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

இவ்விழப்பை ஜேனட் ரௌலியும் அவருடன் பணிபுரிந்தோரும் 1977இல் எடுத்துக்காட்டினர். குழந்தைகளைப் பொறுத்தவரை நம் நெஞ்சில் நிற்பது, அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 1991இல் வெளியிட்ட ஆய்வு. ரத்தப் புற்றுநோய் தணிந்த 734 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில் 21 பேருக்கு இரண்டாம் புற்றுநோய் வந்திருந்தது. மேற்சொன்ன மருந்துகளை வாரம் ஒருமுறையோ இருமுறையோ பெற்றவர்களிடையே ஆறாண்டுகளில் ஆபத்து ஏறத்தாழ 12 சதவீதம். இரு வாரத்துக்கு ஒருமுறை பெற்றவர்களிடையே 2 சதவீதத்துக்கும் குறைவு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிறோம். இங்கே அளவு மட்டுமன்று, இடைவெளியும் நஞ்சைத் தீர்மானித்தது. இதை உலகம் அறிந்தது எவ்வாறு? குணமான பின்னும் அக்குழந்தைகள் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வந்ததனால்தான். வராதிருந்தால் பழைய முறையே நீடித்திருக்கும்.

இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, ஆங்கில மருந்தே நஞ்சு" என்று கிளம்புவோர் உண்டு. அவர்களுக்கு நம் நாட்டுக் கணக்கையே காட்டலாம். 1970களில் இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளிலும் இந்நோயுற்ற குழந்தைகள் பிழைப்பது அரிதாயிருந்தது. 1980களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவக் கழகம் ஆகிய மூன்றும் எம்.சி.பி. 841 என்னும் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. 20 சதவீதத்தை எட்டாதிருந்த நிலை மாறி, நான்காண்டு கடந்தும் நோயின்றி இருப்போர் 45 முதல் 60 சதவீதம் ஆயினர். மருந்தை மறுத்தால் மரணம் உறுதி. மருந்தால் வரும் இரண்டாம் நோயோ மிகச் சிலருக்கே. எதைத் தேர்வது என்பதில் ஐயமில்லை.

"பெற்றோரை ஏன் அச்சுறுத்த வேண்டும்?" என்பது மற்றொரு வாதம். இதில்தான் நாம் மாறுபடுகிறோம். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்றே அறியாத நான்காமவர் எவ்வாறு பேணுவார்? காரணம் சொல்லாது "வா" என்றால், கூலியை இழக்கும் தந்தை ஒருநாள் வராமல்தான் போவார். அவரிடம் உண்மையை மறைப்பது இரக்கமன்று.

சிகிச்சை முடியும் நாளில் ஒவ்வொரு பெற்றோர் கையிலும் தமிழில் ஒரு தாள் இருக்க வேண்டும். என்னென்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, எந்த ஆண்டில் என்பது அதில் இருக்கட்டும். காரணமின்றி உடல் வெளிறினால், காய்ச்சல் விடாது நீடித்தால், அடிபடாமலே தோல் கன்றினால் உடனே வரவேண்டும் என்பதும் இருக்கட்டும். நோய் மீண்டும் தலைகாட்டினால், பழையது திரும்பியதா புதியது பிறந்ததா என்று குரோமோசோம் சோதனையோடு அந்தத் தாளும் சேர்ந்தே சொல்லும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

அடுத்த வாரமே அந்தத் தந்தையைத் தேடிச் சென்று, அறிந்தவற்றைச் சொன்னோம். அவர் அஞ்சவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏங்க கூலிக் கணக்குப் பாக்கறேன்? ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க ஐயா, அவங்கம்மாவும் பாக்கட்டும்" என்றார்.

எழுதிக் கொடுத்தோம். அது நம் கையெழுத்தில் இருந்திருக்க வேண்டிய சீட்டு அன்று.