கூப்பனில் எழுதும் முகவரி

தீபாவளி நெருங்கினால் காரைக்குடி கடைவீதியில் பரிசுப் பெட்டி வைத்துவிடுவார்கள். இவ்வளவு ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஒரு கூப்பன். முதல் பரிசு கார், அடுத்தது பைக். பெயர், வயது, செல் நம்பர், தெரு, ஊர், தொழில், திருமண நாள் என்று எல்லாம் கேட்பார்கள். நம் அம்மாக்கள் பேனாவை நம்மிடம் நீட்டுவார்கள். நாமும் நிரப்பிப் போட்டிருக்கிறோம். கார் வரவில்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று போன்தான் வந்தது.

பெட்டியில் ஒரு லட்சம் கூப்பன் விழுந்தால் கார் ஒருவருக்கு. மற்ற 99,999 பேருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் லட்சம் பேரின் விவரமும் கடைக்காரர் கையில். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அந்தச் சீட்டுக்குக் கூலிக்காசைக் கொடுத்தோம். இந்தச் சீட்டுக்கு நம் விவரத்தைக் கொடுக்கிறோம்.

‘எல்லோரும்தானே எழுதுகிறார்கள், இதில் சாதி எங்கே வந்தது?’ என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டார். முகவரியில் வந்தது, தம்பி. நம் ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னாலே ஆளை எடைபோட்டுவிடுவார்கள். ‘காலனி’ என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல்லை நம் கையாலேயே எழுதி, செல் நம்பரையும் சேர்த்து, முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கிறோம். வாடகை வீடு தேடும்போதும் வேலை கேட்கும்போதும் மறைக்க நினைத்ததைப் பரிசுப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகிறது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2019-ல் வந்த தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் விவரங்களில் சேர்த்திருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. செருப்பு அளவும் சாதியும் அதற்கு ஒன்றுதான். இந்த இழப்பைப் பற்றி நம் இயக்கங்கள் போதுமான அளவு பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருப்பதையாவது பயன்படுத்துவோம். தேவைக்கு மேல் விவரம் கேட்கக் கூடாது என்கிறது 2023 சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இப்போதே அமலில் இருக்கிறது. நம்பிக் கொடுத்த விவரத்தைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுப்பதும், பரிசுத் திட்டத்தின் முடிவை மறைப்பதும் அதன்படி முறையற்ற வணிகம். சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

கூப்பன் போடும் அம்மாவைத் திட்ட வேண்டாம். ஆசைப்பட அவருக்கும் உரிமை உண்டு. பேனா நம் கைக்கு வரும்போது பெயரும் ஒரு செல் நம்பரும் மட்டும் எழுதுவோம். பரிசு விழுந்தால் கூப்பிட அதுவே போதும். மற்றது எதற்கு என்று கடைக்காரரிடம் கேட்போம், கூட்டம் இருக்கும்போதே.