ஃபியூரியோசா மீது சுமத்தப்படும் பழிகள்

2024 மே 24 அன்று அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது ‘ஃபியூரியோசா: எ மேட் மேக்ஸ் சாகா’. ‘மேட் மேக்ஸ்’ தொடரின் ‘ஃபியூரி ரோடு’ படத்துக்கு முன்கதை, அதாவது ப்ரீக்வல். மெமோரியல் டே விடுமுறையையும் சேர்த்து நான்கு நாளில் அங்கே அது வசூலித்தது சுமார் 3.2 கோடி டாலர். முதலிடம் அதற்குத்தான். ஆனால் ‘கார்ஃபீல்ட்’ பூனைப் படத்தை மயிரிழையில் முந்திப் பிடித்த முதலிடம் அது. அந்த விடுமுறையில் முதலிடத்துக்கு வந்த படம் ஒன்று இவ்வளவு குறைவாக வசூலித்தது, தியேட்டர்கள் பூட்டிக்கிடந்த 2020ஐ ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1995க்குப் பிறகு அதுதான் முதல்முறை. இரண்டாவது வாரத்தில் கூட்டம் பாதிக்கும் கீழே போனது. பூனை முந்திக்கொண்டது. உலகம் முழுக்க ஓடி முடித்தபோது மொத்த வசூல் சுமார் 17.4 கோடி டாலர். தயாரிப்புச் செலவோ 16.8 கோடி. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும் என்பதால் இது பெரிய நஷ்டம்.

இத்தனைக்கும் விமர்சகர்கள் கொண்டாடிய படம். கான் திரைப்பட விழாவில் போட்டிக்கு வெளியே திரையிட்டபோதே பாராட்டுகள் குவிந்தன. ரோட்டன் டொமேட்டோஸ் கணக்கில் பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் நல்ல படம் என்றார்கள். பிறகு ஏன் ஓடவில்லை? முதல் வாரம் முடிவதற்குள் தீர்ப்புகள் வந்துவிட்டன. பெண்ணை ஆக்‌ஷன் நாயகியாக்கினால் ஆண்கள் வரமாட்டார்கள். முடிவு தெரிந்த கதையை யார் பார்ப்பார்கள்? ‘ஃபியூரி ரோடு’ படத்தில் அந்த வேடத்தில் நடித்த சார்லீஸ் தெரோன் இல்லாமல் ஃபியூரியோசா ஏது? படம் நீளம். தியேட்டர் சினிமாவே முடிந்துவிட்டது. இன்றுவரை படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இவற்றில் ஒன்றைத்தான் யாராவது சொல்கிறார்கள்.

சமீபகாலத்தில் வந்த ஆக்‌ஷன் படங்களில் இதைத் தலைசிறந்த ஒன்றாக நினைக்கிறேன். அதனால் மட்டும் இந்தத் தீர்ப்புகளோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை. ஒரு படம் ஏன் ஓடவில்லை என்று ஸ்டூடியோக்கள் நம்புகிற காரணத்தை வைத்துத்தான் அடுத்து எந்தப் படத்துக்குப் பணம் கொடுப்பது என்பது முடிவாகிறது. காரணம் தப்பானால் தண்டனை வேறு யாருக்கோ போய்ச் சேரும்.

பெண் நாயகி என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதுதான் அதிக சத்தத்தோடு சொல்லப்பட்டது, இதுதான் மிகவும் பலவீனமானதும். 2015இல் வந்த ‘ஃபியூரி ரோடு’ படத்தில் பெயருக்குத்தான் மேக்ஸ் நாயகன். கதையை இழுத்துக்கொண்டு போனவள் ஃபியூரியோசா. அந்தப் படத்தைத்தான் இதே ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். 2017இல் ‘வொண்டர் உமன்’ 82 கோடி டாலர் வசூலித்தது. சரி, புதுப் படத்துக்கு வராமல் போனவர்கள் ஆண்களா? தொடக்க வாரத்தில் டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. வந்த கொஞ்சப் பேரும் அவர்கள்தான் என்னும்போது, அவர்கள் புறக்கணித்தார்கள் என்று எப்படிச் சொல்வது? பெண்களையும் இளைஞர்களையும் இந்தப் படம் தன் பக்கம் இழுக்கவில்லை என்று சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. அது நேர் எதிரான குறை.

முடிவு தெரிந்த கதை என்பது அடுத்தது. டெத் ஸ்டாரின் வரைபடங்கள் எப்படியும் திருடப்பட்டுவிடும் என்பது தெரிந்தேதான் 2016இல் ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரின் ‘ரோக் ஒன்’ பார்க்கப் போனார்கள். வசூல் 105 கோடி டாலர். ஃபியூரியோசா வெளியான அடுத்த மாதமே ‘எ கொயட் பிளேஸ்: டே ஒன்’ வந்தது. அதுவும் ப்ரீக்வல்தான், பழைய முதன்மை நடிகர்கள் இல்லாத படம்தான். 6.7 கோடி டாலரில் எடுத்து 26 கோடி வசூலித்தது.

தியேட்டர் சினிமா செத்துவிட்டது என்ற வாதத்துக்கு மூன்றே வாரத்தில் பதில் வந்துவிட்டது. ஜூன் 14 அன்று ‘இன்சைட் அவுட் 2’ வெளியாகி, அமெரிக்கா, கனடாவில் மட்டும் முதல் மூன்று நாளில் 15 கோடி டாலரைத் தாண்டியது. ஜூலையில் ‘டெட்பூல் அண்ட் வோல்வரின்’ அதையும் மிஞ்சியது. அது சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்க முடியும் என்ற ஆர் சான்றிதழ் பெற்ற படம். ஃபியூரியோசாவுக்கும் அதே சான்றிதழ்தான் என்பதால், சான்றிதழைக் குற்றம் சொல்வதும் எடுபடாது.

இதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். படம் தியேட்டருக்கு வந்து ஒரு மாதம் ஆனதுமே, வீட்டிலிருந்தபடி வாடகைக்குப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். ஓடாத படத்திலிருந்து கிடைத்ததை எடுக்கும் அவசரம் அது. புரிகிறது. ஆனால் இப்படித்தான் நடக்கும் என்று ரசிகனுக்குப் பழகிவிட்டால், அரைமனதாக இருப்பவன் ஒவ்வொரு முறையும் காத்திருக்கத்தான் செய்வான்.

இனி தெரோன் விஷயம். இந்த வாதத்தைச் சொல்பவர்கள் படத்தை நேசிப்பவர்கள் என்பதால் இதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. தெரோனின் முகத்தைக் கணினியில் இளமையாக்கலாமா என்று இயக்குநர் ஜார்ஜ் மில்லர் யோசித்ததுண்டு. அந்தத் தொழில்நுட்பத்தில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, நம்பும்படி இல்லை என்று கைவிட்டார். சரியான முடிவு. நடிகரை மாற்றினால் இந்தத் தொடர் தாங்காது என்பதும் சரியில்லை. மூன்று படங்களில் மெல் கிப்சன் நடித்த மேக்ஸ் வேடத்தை 2015இல் டாம் ஹார்டிக்குக் கொடுத்தபோது யாரும் அதைப் பெரிய இழப்பாக நினைக்கவில்லை. உண்மையான சிக்கல் விளம்பரத்தில் இருந்தது. போஸ்டர் முழுக்க வளர்ந்த ஃபியூரியோசாவாக நடித்த அன்யா டெய்லர்-ஜாய். படத்திலோ ஏறக்குறைய முதல் ஒரு மணி நேரம் சிறுமி ஃபியூரியோசாவாக வருவது அலைலா பிரவுன். வளர்ந்த பிறகும் அவளுக்கு வசனம் மிகக் குறைவு. தலைப்பில் மேட் மேக்ஸ் இருக்கிறார். படத்தில் அவர் ஒரே ஒரு ஷாட்டில், தூரத்தில், குன்றின் மேல் தன் காரருகே நிற்கிறார். அதில் நிற்பதும் ஸ்டண்ட் கலைஞர் ஜேக்கப் டொமுரி. வாக்குக் கொடுத்தது ஒன்று, காட்டியது வேறொன்று.

நீளம் என்கிறார்கள். 148 நிமிடம்தான். நீளமும், ஒன்பது வருட இடைவெளியும், பழைய நட்சத்திரம் இல்லாததும் சேர்ந்துதான் கவிழ்த்தன என்று சொல்பவர்களுக்கு ‘தி ஹங்கர் கேம்ஸ்’ தொடரைக் காட்ட விரும்புகிறேன். என் வாதத்தின் மையமே அதுதான். அந்தத் தொடரின் கடைசிப் படம் 2015இல் வந்தது. ஃபியூரி ரோடு வந்த அதே வருடம். எட்டு வருடம் கழித்து, 2023 நவம்பரில், பழைய நாயகி ஜெனிஃபர் லாரன்ஸ் இல்லாமல் அதன் ப்ரீக்வல் வந்தது. 157 நிமிடம் ஓடும் படம், ஃபியூரியோசாவைவிட நீளம். 2015 படம் சுமார் 65 கோடி டாலர் வசூலித்திருந்தது. ப்ரீக்வல் வசூலித்தது 35 கோடிக்கு அருகில். பாதிக்குச் சற்று மேல். ஃபியூரி ரோடின் வசூல் சுமார் 38 கோடி, ஃபியூரியோசாவினுடையது 17.4 கோடி. பாதிக்குச் சற்றுக் கீழ்.

இரண்டுக்கும் சரிவு கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றை ஹிட் என்றார்கள், மற்றதைப் படுதோல்வி என்றார்கள். காரணம், ஹங்கர் கேம்ஸ் ப்ரீக்வலை 10 கோடி டாலரில் முடித்திருந்தார்கள். பழைய கூட்டத்தில் பாதி வந்தாலும் கையைக் கடிக்காத கணக்கு. ஃபியூரியோசாவுக்கோ பழைய கூட்டம் மொத்தமும் திரும்பி வரும் என்று வைத்துச் செலவிட்டார்கள்.

அந்தப் பழைய கூட்டமாவது போதுமானதா? இங்கேதான் பலருடைய நினைவு பிசகுகிறது. ஃபியூரி ரோடு ஆறு ஆஸ்கர் வாங்கியது, இந்த நூற்றாண்டின் சிறந்த படங்கள் பட்டியல்களில் தவறாமல் இடம்பிடிக்கிறது. அதனால் அது ஒரு மாபெரும் வசூல் படம் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அது வெளியான வார இறுதியில் அமெரிக்காவில் முதலிடமே பிடிக்கவில்லை. அதற்கு 4.5 கோடி டாலர். முதலிடத்தில் 6.9 கோடியோடு இருந்தது ‘பிட்ச் பெர்ஃபெக்ட் 2’ என்ற, கல்லூரிப் பெண்களின் பாட்டுக் குழுவைப் பற்றிய படம். அதன் செலவு 3 கோடி டாலர்கூட இல்லை. ஃபியூரி ரோடின் செலவு 15 கோடிக்கும் மேல். தியேட்டர் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்தால், 38 கோடி வசூலிலிருந்து தியேட்டர் ஓட்டத்தில் லாபம் என்று சொல்லும்படி எதுவும் நிற்காது.

தொடரின் தொடக்கத்துக்குப் போனால் இன்னும் தெளிவாகும். 1979இல் வந்த முதல் ‘மேட் மேக்ஸ்’ நான்கு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் குறைவான பணத்தில் எடுக்கப்பட்டது. அப்போது மில்லர் ஒரு மருத்துவர். படம் உலகம் முழுக்க 10 கோடி டாலர் ஈட்டியதாகக் கணக்கு. செலவுக்கும் வரவுக்கும் உள்ள விகிதத்தில் அது நெடுங்காலம் கின்னஸ் சாதனையாக இருந்தது. அமெரிக்காவிலோ நடிகர்களின் ஆஸ்திரேலிய உச்சரிப்பையே மாற்றி, அமெரிக்கக் குரலில் டப் செய்துதான் வெளியிட்டார்கள். அது அங்கே அவ்வளவாகத் தெரியாமல் போனதால், 1981இன் இரண்டாம் பாகத்தை ‘தி ரோட் வாரியர்’ என்ற பெயரில், ஏதோ தனிப்படம்போல விற்றார்கள். இந்தத் தொடருக்கு எப்போதும் இருந்தது அளவில் சிறிய, பக்தியில் ஆழமான கூட்டம். விமர்சகர்களும் சினிமாக் கலைஞர்களும் அந்தக் கூட்டத்தில் அதிகம் என்பதால் அதன் குரல் வெகுதூரம் கேட்கிறது. குரல் கேட்கும் தூரத்தை வைத்துத் தலைகளை எண்ணியதுதான் நடந்த தவறு. ‘பிளேடு ரன்னர்’ விஷயத்திலும் இதே தவறு நடந்தது. 1982இல் தியேட்டரில் தடுமாறிய படம், காலப்போக்கில் காவியமாகப் போற்றப்பட்டது. அந்தப் புகழை நம்பி 2017இல் 15 கோடி டாலருக்கு மேல் கொட்டி அடுத்த பாகம் எடுத்தார்கள். அற்புதமான படம். நஷ்டம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். செலவைக் குறைத்திருந்தால் அது ஃபியூரியோசாவாக இருந்திருக்குமா? நடுப்பகுதியில் வரும் அந்த லாரிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊமைப் பையன் வேடத்தில் இருக்கும் ஃபியூரியோசா, புதிதாகக் கட்டிய டேங்கர் லாரியின் அடியில் தொற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறாள். சாலையில் கொள்ளைக்கூட்டம் பாய்கிறது. பைக்குகளில் கயிறு கட்டிப் பாராசூட்டில் பறந்து மேலிருந்து தாக்குகிறார்கள். லாரியின் மேலே, பக்கவாட்டில், பின்னால், அச்சுகளுக்கு இடையில் என்று சண்டை நகர்ந்துகொண்டே இருக்கிறது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் இல்லை. கடைசியில் உயிரோடு மிஞ்சுவது அவளும் ஓட்டுநர் ஜாக்கும் மட்டும். வசனமே இல்லாமல், வேலை செய்யும் விதத்தைப் பார்த்தே ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்குகிறார்கள். பதினைந்து நிமிடக் காட்சி. எடுத்தது 78 நாள். இதை மலிவாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

ஆனால் பணம் இந்த ஒரு காட்சிக்கு மட்டும் போகவில்லை. ஃபியூரி ரோடின் கதை சில நாட்களில் முடிகிறது. ஒரே சாலை, போவதும் வருவதும். ஃபியூரியோசா பதினைந்து வருடக் கதை. சிட்டாடல், கேஸ் டவுன், புல்லட் ஃபார்ம் என்று மூன்று கோட்டைகளையும் அவற்றின் படைகளையும் காட்ட வேண்டியிருந்தது. செலவு ஏறியது அந்த விரிவில். இதில் எனக்கு வியப்பளிப்பது ஒன்று உண்டு. கதையின் உச்சத்தில் வரும் நாற்பது நாள் போரை மில்லர் சில காட்சித் துணுக்குகளோடு தாண்டிப் போய்விடுகிறார். பாலைவனத்தில் ஃபியூரியோசாவும், அவள் தாயைக் கொன்ற டிமென்டஸும் நேருக்கு நேர் பேசுவதுதான் அவருக்கு முக்கியம். பழிதீர்த்தால் இழந்த பிள்ளைப் பருவம் திரும்புமா என்று அவன் கேட்கிறான். டிமென்டஸாக வரும் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் தன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நடித்ததில்லை. பெரிய சண்டையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். இரண்டாவது வார வசூல் அப்படிச் சரிந்ததில் அந்த ஏமாற்றத்துக்கும் பங்கு இருக்கலாம். ஒரு படைப்பாளியின் இந்தத் துணிச்சலைக் குறையாகச் சொல்ல என்னால் முடியாது. 10 கோடி டாலர் படத்தில் இந்தத் துணிச்சலுக்கு இடம் உண்டு. 17 கோடி டாலர் படத்தில் அது எல்லோருக்கும் பிடித்தே ஆக வேண்டியிருக்கிறது.

மில்லரிடம் இன்னொரு கதை தயாராக இருக்கிறது. ‘தி வேஸ்ட்லேண்ட்’ என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். ஃபியூரி ரோடுக்கு முந்தைய ஒரு வருடத்தில் மேக்ஸுக்கு என்ன நடந்தது என்பதுதான் கதை. ஃபியூரியோசா வெளியானபோதே மில்லருக்கு வயது 79. அதற்குப் பணம் தர மறுக்கும் ஸ்டூடியோ ‘ப்ரீக்வல் ஓடாது’ என்று காரணம் சொன்னால் அது பொய்க் காரணம். ஒரு மனிதன், ஒரு வருடம், ஒரு பாலைவனம். 2023இல் ‘ஜான் விக் 4’ஐ 10 கோடி டாலரில் எடுத்து, ஆர் சான்றிதழோடு 43 கோடிக்கு மேல் சம்பாதித்திருக்கிறார்கள். ஃபியூரியோசாவுக்கு வந்த கூட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம் பேர் வந்தாலே கட்டுபடியாகிற செலவு அது. மில்லரின் முன் அந்தத் தொகையை வைத்து, முடியுமா என்று கேட்கலாம். நான்கு லட்சத்தில் தொடங்கியவர் அவர்.